படகுக்கும் ஒரு புக்ககம்

தஞ்சாவூரிலிருந்து கிழக்கே பிரயாணம் செய்கிறவர்கள் வழக்கமாகக் கோயிலைப் பார்ப்பார்கள். கோயிலை விட்டால் வயலைப் பார்ப்பார்கள். இந்த வாரம் இரண்டையும் தாண்டிக் கடற்கரை வரையில் உங்களை அழைத்துக்கொண்டு போகிறேன். பயப்பட வேண்டாம், பஸ்ஸில்தான்! திருவாரூர் வழியாக நாகப்பட்டினத்தில் இறங்கி, அங்கிருந்து வடக்கே காரைக்காலுக்கு வேறு பஸ் ஏற வேண்டும். நாகூர் தர்காவின் மினாராக்கள் பின்னுக்குப் போய், வெட்டாறும் கடந்தால், வாஞ்சூர் வந்துவிடும்.

வாஞ்சூரில் என்ன விசேஷம் என்று கேட்கிறீர்களா? தமிழ்நாடு முடிந்து புதுச்சேரி ஆட்சிப் பகுதி தொடங்கும் இடம் அது. வயல் அதே வயல். காவேரித் தண்ணீரும் அதேதான். பெட்ரோல் பங்கில் விலைப் பலகையை எட்டிப் பார்த்தால்தான் எல்லை தாண்டிய சங்கதி விளங்கும். பெட்ரோலும் டீசலும் இன்னும் ஜி.எஸ்.டி.க்குள் வராதவை, அந்தந்த சர்க்கார் தன் இஷ்டப்படி வரி போட்டுக்கொள்கிறது. காரைக்காலைத் தாண்டி இன்னும் வடக்கே போனால், பொறையாறில் மறுபடியும் தமிழ்நாடு! ஒரு காலைப் பொழுதுக்குள் இரண்டு முறை எல்லை தாண்டிய பெருமை நமக்கு.

இந்தப் பெருமைக்குக் காரணம் பழைய கதை. 1739ல் தஞ்சை மராத்திய மன்னரிடமிருந்து காரைக்கால் பிரெஞ்சுக்காரர் கைக்கு வந்தது. சற்று வடக்கே தரங்கம்பாடியில் 1620 முதல் 1845 வரை டேனிஷ்காரர்கள். நாகப்பட்டினத்திலோ போர்த்துகீசியர், டச்சுக்காரர், பிறகு ஆங்கிலேயர். ஒவ்வொரு கொடிக்கும் ஒரு சுங்கச் சாவடி இருந்திருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. 1954 நவம்பர் 1ந் தேதி காரைக்காலின் நிர்வாகம் இந்தியாவின் கைக்கு வந்தது. 1962 ஆகஸ்டு 16ந் தேதி சட்டப்படியும் அது நம்முடையதாயிற்று. கொடி இறங்கிவிட்டது, கோடு மட்டும் அப்படியே நின்றுவிட்டது.

சுங்கம் இந்தக் கரைக்குப் புதிதன்று. காவிரிப்பூம்பட்டினத்தில் இறங்கிய சரக்கு மூட்டைகளின் மேல் சோழனுடைய புலி முத்திரையைப் பொறித்த செய்தி பட்டினப்பாலையில் இருக்கிறது. முதலாம் குலோத்துங்க சோழனோ சுங்கத்தை நீக்கி, 'சுங்கம் தவிர்த்த சோழன்' என்ற பட்டத்தையே பெற்றான். வரி போட்டவர்களைவிட வரியை எடுத்தவனைத்தான் ஜனங்கள் பெயர் வைத்து நினைத்திருக்கிறார்கள், பாருங்கள்!

சரி, இப்போது விஷயத்துக்கு வருவோம். நாகப்பட்டினத்தில் கடுவையாற்றின் முகத்தில் அக்கரைப்பேட்டை மீன்பிடித் துறைமுகம்; காரைக்காலில் அரசலாற்றின் முகத்தில் மற்றொரு துறைமுகம். இரண்டு ஆறுகளும் காவேரியின் குழந்தைகளே. கடல் வழியாக விசைப்படகுக்கு இது வெகு சமீபம். இங்கே உள்ளவர் அங்கே பெண் எடுப்பார். அங்கே உள்ளவர் இங்கே படகு வாங்குவார். பெண்ணை அழைத்துவருவது சுலபம். படகை அழைத்துவருவதில்தான் சங்கடம்.

அக்கரைப்பேட்டையில் கூடை முன்னால் உட்கார்ந்திருந்த ஓர் அம்மாளிடம் பேச்சுக் கொடுத்தேன்.

"எல்லை தாண்டி போட்டு வாங்கினால் வரி அதிகம் கட்ட வேண்டுமாமே, அம்மா?"

"வரியா? வரியைக் கட்டிட்டுப் போயிடலாம் தம்பி. காயிதம்தான் எங்களைக் கொன்னுது!"

அவர் சொன்ன கதை இது. நகையை அடகு வைத்தும் உறவில் கடன் வாங்கியும் காரைக்கால் பக்கத்தில் ஒரு பழைய விசைப்படகை வாங்கியிருக்கிறார்கள். பணம் கைமாறிற்று, பூசை போட்டுப் படகையும் கொண்டுவந்துவிட்டார்கள். பிறகுதான் தெரிந்தது, விற்றவர் அந்தப் படகின் பேரில் வாங்கியிருந்த கடனை அடைக்கவில்லை என்பது. கடன் அடையாமல் ஆட்சேபணையில்லாச் சான்று கிடைக்காது. அது இல்லாமல் பழைய பதிவு நீங்காது. பழைய பதிவு நீங்காமல் புதிய பதிவு கிடையாது. "எங்க பணம், எங்க போட்டு, ஆனா பேரு மட்டும் அவரோடது" என்றார் அந்த அம்மாள்.

இதைப் புரிந்துகொள்ள நம் வீட்டுப் பெண்மணிகளுக்குச் சட்டப் புத்தகம் வேண்டியதில்லை. கல்யாணமாகிப் போகிற பெண்ணுக்குக் குடும்ப அட்டையில் என்ன செய்கிறோம்? பிறந்த வீட்டு அட்டையில் பெயரை நீக்கி, அதற்குச் சான்று வாங்கி, அப்புறம்தானே புக்ககத்து அட்டையில் சேர்க்கிறோம்? படகுக்கும் அதே முறைதான். முதலில் பழைய இடத்து மீன்வளத் துறையில் பெயர் நீக்கம். பிறகு புதிய இடத்தில் விண்ணப்பம். விற்பனைப் பத்திரம், பழைய சான்று, இயந்திரத்தின் விவரம் எல்லாவற்றையும் கொடுக்க வேண்டும். அதிகாரி வந்து படகின் நீளத்தையும் இயந்திரத்தின் சக்தியையும் பார்த்து, புதிய எண் கொடுப்பார்.

அந்த எண்ணைக் கவனித்தால் ஒரு வேடிக்கை. இரண்டு ஊர்ப் படகிலும் எண்ணின் முதலில் 'ஐ.என்.டி.' என்று இந்தியாவின் பெயர்தான் இருக்கும். அடுத்து வரும் இரண்டெழுத்தில் இருக்கிறது வம்பு: இங்கே 'டி.என்.', அங்கே 'பி.ஒய்.' இந்த இரண்டெழுத்தை மாற்றத்தான் அத்தனை நடையும். 2008 நவம்பரில் பம்பாய்த் தாக்குதல் கடல் வழியாக வந்தது நினைவிருக்குமல்லவா? அதற்குப் பிறகு கடலோர மாநிலம் ஒவ்வொன்றுக்கும் படகின் வர்ணம் தனித்தனியாக வகுக்கப்பட்டது. ஆகவே புக்ககம் போகும் படகு புடவையும் மாற்றிக்கொண்டாக வேண்டும்!

செலவு என்னவென்று கேட்பீர்கள். பதிவுப் பெற்ற தளத்தில் புதுப் படகு கட்டி வாங்கினால் மீன்பிடிப் படகுக்கு ஜி.எஸ்.டி. நூற்றுக்கு 5. 2017 ஜூலை 1ந் தேதிக்குப் பிறகு, எல்லைக்கு எந்தப் பக்கம் வாங்கினாலும் அதே 5தான். ஒரு மீனவர் மற்றொரு மீனவருக்கு விற்கும் பழைய படகுக்கு, விற்பவர் ஜி.எஸ்.டி.யில் பதிவு செய்தவராக இல்லாவிட்டால் அதுவும் இல்லை. சர்க்கார் கட்டணமும் படகின் விலைக்கு முன்னால் பெரிய தொகையன்று. கரையில் ஏற்றி வர்ணம் அடிப்பதும், சான்றுக்காகப் படகு சும்மா நிற்கும் நாட்களும்தான் பையைக் காலி செய்கின்றன.

பதிவு இல்லாவிட்டால் நஷ்டம் அதைவிடப் பெரிது. தமிழ்நாட்டில் விசைப்படகுக்கு விற்பனை வரி நீக்கிய டீசல் உண்டு. ஆண்டுக்கு 18,000 லிட்டர் என்றிருந்த அளவு 19,000 லிட்டராக உயரும் என்று 2023ல் அறிவிப்பு வந்தது. தமிழ்நாட்டுப் பதிவு இல்லாத படகுக்கு அது எப்படிக் கிடைக்கும்? முழு விலைக்கு வாங்க வேண்டியதுதான். 2018 நவம்பர் 16ந் தேதி கஜா புயல் அடித்தது போல ஒரு நாள் வந்தால், நஷ்ட ஈட்டுக்குக் கணக்கெடுக்க வருகிறவர் கேட்கும் முதல் தாள் பதிவுச் சான்று.

இன்னொன்றும் உண்டு. அதைச் சொல்லும்போது அந்த அம்மாளின் குரல் தணிந்தது. இந்தக் கரையிலிருந்து போகும் படகுகள் எல்லை தாண்டியதாக இலங்கைக் கடற்படையிடம் அகப்படுவது பத்திரிகையில் அடிக்கடி வரும் செய்தி. அங்கே அந்நியப் படகுகளுக்கான 1979ஆம் வருஷத்துச் சட்டம் 2018ல் மேலும் கடுமையாக்கப்பட்டது. பிடிபட்ட படகைக் கேட்க, உரிமையாளர் பத்திரங்களுடன் அந்நாட்டு நீதிமன்றத்தில் போய் நிற்க வேண்டியிருக்கிறது. படகு ஒருவர் கையில், பத்திரம் வேறொருவர் பேரில் என்றால், யார் போய் நிற்பது? நகையைக் கொடுத்தவளுக்கு அங்கே பெயரே இல்லையே!

இந்தத் தொல்லை நமக்கு மட்டும் என்று நினைக்க வேண்டாம். அமெரிக்காவில் படகை வேறு மாகாணத்துக்குக் கொண்டுபோய் 60 நாளோ 90 நாளோ தங்கிவிட்டால், அநேக மாகாணங்களில் அங்கே மறுபடி பதிவு செய்ய வேண்டும்; சில இடங்களில் வரியும் உண்டு. நம் நாட்டில் ஆறுகளிலும் கால்வாய்களிலும் ஓடும் இயந்திரப் படகுகளுக்கு இந்தக் கஷ்டம் தீர்ந்துவிட்டது. 1917ஆம் வருஷத்துப் பழைய சட்டத்தை மாற்றி 2021ல் வந்த புதிய சட்டப்படி, ஒரு மாநிலத்தில் கொடுத்த பதிவுச் சான்று இந்தியா முழுவதும் செல்லும். கடலில் மீன் பிடிக்கும் படகுக்கு அந்தப் பாக்கியம் வரவில்லை. கரையோரக் கடலில் மீன்பிடிப்பு அந்தந்த மாநிலத்தின் அதிகாரத்தில் இருப்பதால், பதிவுக்கு இணைய தளம் நாடு முழுவதற்கும் ஒன்றாகிவிட்டாலும் சான்று மட்டும் வீட்டுக்கு வீடு வேறுதான்.

கடைசியில் அந்த அம்மாளின் படகு என்ன ஆயிற்று? இரண்டு ஊர்ப் பஞ்சாயத்தாரும் உட்கார்ந்து பேசி, விற்றவரைக் கடனை அடைக்க வைத்தார்களாம். சான்று வந்தது, வர்ணம் மாறிற்று, எண்ணும் மாறிற்று. அதற்குள் ஒன்றரை வருஷம் ஓடிவிட்டது; அடகு வைத்த நகையில் வளையல் திரும்பி வந்தது, சங்கிலி வரவில்லை.

"இப்ப எங்க மருமவன் ஒரு போட்டு பார்க்கிறாரு. பலகையைத் தட்டிப் பார்க்கிறதுக்கு முந்தி காயிதத்தைப் பாருங்க மாப்பிள்ளைன்னு சொல்லியிருக்கேன்" என்றார் அவர், ஒரு கூறு மீனை எடுத்து வாடிக்கைக்காரியின் பையில் போட்டுக்கொண்டே.