கொடுத்தவர் இல்லாத பணம்

2022 செப்டம்பரில் கேரளத்தின் திருவோணம் பம்பர் குலுக்கலில் முதல் பரிசான 25 கோடி ரூபாய் திருவனந்தபுரத்து ஆட்டோ ஓட்டுநர் ஒருவருக்கு விழுந்தது. சமையல் வேலைக்கு மலேசியா போகத் தயாராகிக்கொண்டிருந்தவர். பிள்ளையின் உண்டியலை உடைத்து 500 ரூபாய் டிக்கெட்டை வாங்கினார் என்று நம் பத்திரிகைகளிலும் செய்தி வந்தது. ஒரு வாரம் கழிவதற்குள், இந்தப் பரிசு விழாமலே இருந்திருக்கலாம் என்று அவரே புலம்பியதும் செய்தியானது. உதவி கேட்டு வாசலில் நிற்பவர்கள் ஓயவில்லை. சொந்த வீட்டில் இருக்க முடியாமல் உறவினர் வீடுகளில் தங்க வேண்டியிருந்தது. அந்த நாளில் பரிசுப் பணத்தில் ஒரு ரூபாய்கூட அவர் கைக்கு வந்திருக்கவில்லை என்பதைத்தான் நாம் கவனிக்காமல் விட்டுவிட்டோம். திடீர்ச் செல்வம் மனிதர்களைக் கெடுத்துவிடும் என்று பேசுகிறவர்கள் வழக்கமாகச் சொல்வது பணம் வந்தபின் ஏறும் திமிரையும் ஊதாரித்தனத்தையும். இவர் வாழ்க்கையோ பணம் வருவதற்கு முன்பே புரண்டுவிட்டது.

கணக்கையும் பார்த்துவிடலாம். 25 கோடியில் டிக்கெட் விற்ற ஏஜென்டுக்கு 10 விழுக்காடு கமிஷன் போகும். மீதியில் 30 விழுக்காட்டை வருமான வரியாகப் பிடித்துக்கொண்டுதான் தருவார்கள், கையில் 15.75 கோடி. அதற்கு மேல் சர்சார்ஜும் செஸ்ஸும் உண்டு. அன்றைய விகிதத்தில் அவற்றையும் கட்டி முடித்தால் மிஞ்சுவது 13 கோடிக்கும் சற்றுக் குறைவு. ஊர் கேட்ட தொகை 25. அவருடைய தொகை அதில் பாதி. வாசலில் நின்றவர்கள் எல்லாருமே 25-ஐ நினைத்து வந்தவர்கள். பரிசு விழுந்தவனிடம் மாறுவது அவன் குணம் என்பதைவிட, அவனிடம் மற்றவர்களுக்கு என்ன பாத்தியதை உண்டு என்கிற கணக்குதான் என்பது என் கருத்து. குணம் மாறினால், அது இந்தக் கணக்கின் நெருக்கடியில் பிறகு மாறுவது.

இதைப் புரிந்துகொள்ள ஆரணி மாதிரி ஓர் ஊர் உதவும். ஆரணியிலும் சுற்றியுள்ள ஒண்ணுபுரம், தேவிகாபுரம் போன்ற ஊர்களிலும் பட்டு நெசவுக் குடும்பங்களுக்குள் வரும் ஒவ்வொரு தொகைக்கும் ஒரு முகம் இருக்கிறது. கூலி என்றால் பாவும் ஊடையும் ஜரிகையும் கொடுத்த முதலாளியுடையது, அல்லது கூட்டுறவு சங்கத்துடையது. முன்பணம் என்றால் அதே முதலாளி, தறியைத் தன் பக்கம் கட்டிவைக்கக் கொடுத்தது. வேறு முதலாளியிடம் போக வேண்டுமென்றால் அதைத் தீர்த்துவிட்டுத்தான் போக வேண்டும், பெரும்பாலும் புது முதலாளியே அதைக் கட்டித் தன் கணக்கில் ஏற்றிக்கொள்வார். கல்யாணத்தில் எழுதும் மொய்க்கு நோட்டு இருக்கிறது. அடகுக் கடைக்காரருக்குச் சீட்டு இருக்கிறது. 1973-லிருந்து பல பத்தாண்டுகளாக இந்த ஊரின் சந்தையை ஆராய்ந்து வந்த பார்பரா ஹாரிஸ்-ஒயிட் திரும்பத் திரும்பக் காட்டியது இதைத்தான்: இம்மாதிரி ஊர்களின் பொருளாதாரத்தை அரசு போடும் சட்டங்களைவிடச் சாதி, உறவு, ஆண் பெண் வேறுபாடு போன்ற சமூக ஏற்பாடுகளே அதிகம் நடத்துகின்றன. அப்படி நடக்கும் ஊரில் பணம் என்பது யாருக்கு யார் என்ன பாக்கி என்பதன் பதிவு. லாட்டரிப் பணத்துக்கு மட்டும் அந்தப் பதிவு இல்லை. அதை யாரும் கொடுக்கவில்லை. உழைத்துச் சேர்த்ததாகச் சொல்லிக்கொள்ளவும் முடியாது. பாட்டன் வைத்துவிட்டுப் போனதும் இல்லை. கொடுத்தவர் இல்லாத பணத்துக்கு எல்லாரும் உரிமை கொண்டாடலாம். 'உனக்கு மட்டும் சும்மா வந்ததுதானே' என்ற ஒரு கேள்விக்கு எந்த நெசவாளியிடமும் பதில் இருக்காது.

சீட்டுப் பணத்தோடு வைத்துப் பார்த்தால் வித்தியாசம் துலங்கும். இருபது பேர் சேர்ந்து மாதம் ஐயாயிரம் கட்டும் ஏலச் சீட்டை ஒருவர் தள்ளுபடி கேட்டு எடுக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். முன்னால் எடுத்தால் லட்சத்தில் கொஞ்சம் குறைத்துக் கைக்கு வரும். அதுவும் ஒரே நாளில் வரும் மொத்தத் தொகைதான். ஆனால் அவர் வீட்டு வாசலில் எவரும் போய் நிற்பதில்லை. மகள் கல்யாணத்துக்கு எடுத்தார், தறி மேடையைச் சரிசெய்ய எடுத்தார் என்று சீட்டுக்காரர்கள் அத்தனை பேருக்கும் தெரியும். மீதித் தவணை கழுத்தில் இருக்கிறது என்பதும் தெரியும். காரணமும் கடனும் சேர்ந்து அந்தப் பணத்துக்கு வேலி போட்டுவிடுகின்றன. அதே தொகை லாட்டரியில் விழுந்திருந்தால் வேலி இல்லை. ஆகவே தொகையின் அளவோ அது வந்த வேகமோ மட்டும் முழுக் காரணமாக முடியாது.

இதற்கு வரக்கூடிய வலுவான மறுப்பு, நான் வாசல் கூட்டத்தைப் பெரிதுபடுத்துகிறேன் என்பது. பரிசு விழுந்தவர்களில் நூற்றுக்கு எழுபது பேர் சில ஆண்டுகளில் ஓட்டாண்டியாகிவிடுகிறார்களாமே, அது அவரவர் புத்தியின் குறை அல்லவா? இந்த எழுபது விழுக்காடு உலகம் முழுக்கச் சுற்றிய கதை. அமெரிக்காவின் தேசிய நிதிக்கல்வி அறக்கட்டளை சொன்னதாக அதை எழுதுவார்கள். அந்த நிறுவனமோ அப்படியொரு முடிவைத் தாங்கள் வெளியிட்டதில்லை என்று 2018-ல் மறுத்துவிட்டது. இன்னொன்று, 1978-ல் பிரிக்மன் குழுவினர் இல்லினாய் மாநிலத்தில் லாட்டரி வென்ற 22 பேரிடம் நடத்திய ஆய்வு. வென்றவர்கள் மற்றவர்களைவிட மகிழ்ச்சியாக இல்லை, அன்றாடச் சின்னச் சின்ன இன்பங்கள் அவர்களுக்குச் சப்பென்று ஆகிவிட்டன என்றது. 22 பேரை வைத்துக்கொண்டு நாற்பது வருடம் மேடைகளில் பேசினார்கள். பிறகு 2020-ல் லிண்ட்க்விஸ்ட், ஆஸ்ட்லிங், செசாரினி ஆகியோர் ஸ்வீடனில் மூவாயிரத்துக்கும் மேற்பட்டவர்களை, பரிசு விழுந்து 5 முதல் 22 ஆண்டுகள் கழித்து விசாரித்தார்கள். பெரிய பரிசு வென்றவர்களுக்கு வாழ்க்கையில் திருப்தி கூடியிருந்தது. வருடங்கள் போனதால் அது தேயவும் இல்லை. பணம் வந்தால் நிம்மதி போய்விடும் என்பது இல்லாதவர்களைச் சமாதானப்படுத்த இருக்கிறவர்கள் சொல்லும் பேச்சாகவே எனக்கு எப்போதும் பட்டிருக்கிறது. ஸ்வீடன் ஆய்வு அந்தச் சந்தேகத்துக்குத் துணை நிற்கிறது.

அப்படியானால் திருவனந்தபுரத்துக்காரர் மட்டும் ஏன் தவித்தார்? ஸ்வீடனில் சித்தப்பாவின் அறுவை சிகிச்சைக்கு அண்ணன் மகனிடம் போய் நிற்க வேண்டியதில்லை. மருத்துவம், படிப்பு, முதியோர் ஓய்வூதியம் மூன்றையும் பெரும்பாலும் அரசு பார்த்துக்கொள்கிறது. அந்த மூன்றும் ஓர் உறவினனின் தலையில் விழும் நாட்டில்தான் வென்றவன் அரசாங்கத்தின் வேலையைத் தனியாளாகச் செய்யவேண்டியிருக்கிறது. வாசலில் வந்து நிற்பவர்களை நான் குறைசொல்ல மாட்டேன். சிறுநீரகச் சிகிச்சைக்குப் பணம் தேடும் ஒரு குடும்பத்துக்கு, பத்திரிகையில் முகவரியோடு வந்த 25 கோடியைப் பார்த்துவிட்டுச் சும்மா இருப்பதுதான் கடினம்.

குணத்தின் பங்கு அறவே இல்லையா என்றால், இருக்கிறது. ஃபுளோரிடாவில் ஹேங்கின்ஸ், ஹோக்ஸ்ட்ரா, ஸ்கீபா ஆகியோர் 2011-ல் வெளியிட்ட ஆய்வு கொஞ்சம் கசப்பானது. 50 ஆயிரம் முதல் ஒன்றரை லட்சம் டாலர் வரை வென்றவர்களையும் 10 ஆயிரத்துக்குள் வென்றவர்களையும் ஒப்பிட்டதில், பெரிய பரிசு திவாலைத் தள்ளிப்போட்டதே தவிரத் தடுக்கவில்லை. முதல் இரண்டு வருடம் தாக்குப்பிடித்தவர்கள் மூன்றாம் வருடத்திலிருந்து ஐந்தாம் வருடத்துக்குள் அதே நிலைக்கு வந்தார்கள். வரவுக்கும் செலவுக்கும் இடையிலுள்ள மாதாந்தர ஓட்டையை ஒரு மொத்தத் தொகை அடைப்பதில்லை. ஆரணி நெசவாளியை இதே தராசில் வைத்து ஊதாரி என்று எவரும் சொல்லிவிட முடியாது. ஒரு பாவுக்கு எத்தனை சேலை, ஒரு சேலைக்கு எத்தனை நாள், பாவு மாற்றும்போது வேலையில்லாமல் போகும் நாளுக்கு யாரிடம் கைமாற்று என்பதை மனக்கணக்காகவே வைத்திருப்பவர் அவர். அவர் வீட்டுப் பெண்கள் அதைவிடத் துல்லியமாக வைத்திருப்பார்கள். அவருக்குப் பழக்கமில்லாதது ஒன்றே ஒன்று, யாருக்கும் பாக்கியில்லாத பணத்தை வைத்துக்கொண்டு 'இல்லை' என்று சொல்வது.

அண்டை வீட்டுக்காரர்களையும் மறக்கக் கூடாது. திடீர்ச் செல்வத்தின் செலவில் ஒரு பகுதியை ஏற்பவர்கள் அவர்கள். நெதர்லாந்தில் தெருவின் அஞ்சல் குறியீட்டையே குலுக்கிப் பரிசு தரும் லாட்டரி ஒன்று உண்டு. அதில் தமக்கு ஒன்றும் விழாத பக்கத்து வீட்டார்கள் புதுக் கார் வாங்குவது கூடியது என்று கண்டறிந்தார்கள். கனடாவில் இன்னும் மோசம்: பரிசுத் தொகை கூடக் கூட, வென்றவரின் நெருங்கிய அண்டை வீட்டாரிடையே திவால் மனுக்கள் கூடின. வெளியே தெரிகிற பொருள்களில்தான் அவர்கள் அதிகம் செலவழித்திருந்தார்கள். ஐரோப்பாவுக்கும் கனடாவுக்கும் போகாமலே நாம் இதைப் பார்த்தோம். மாதம் 30 விழுக்காடு வரை வட்டி என்று ஆசைகாட்டியதாக ஆருத்ரா கோல்டு டிரேடிங் நிறுவனத்தின் மீது 2022-ல் பொருளாதாரக் குற்றப்பிரிவு வழக்குத் தொடுத்தபோது, ஏறத்தாழ ஒரு லட்சம் பேரிடமிருந்து 2,438 கோடி ரூபாய் திரட்டப்பட்டிருந்ததாகச் சொல்லப்பட்டது. ஆரணி, செய்யாறு வட்டாரங்களிலும் பணம் போட்டவர்கள் இருந்தார்கள். இத்தகைய திட்டங்களில் விளம்பரத்தைவிட வேகமாக வேலை செய்வது, முதலில் போட்டுச் சில மாதம் வட்டி வாங்கிய ஒருவர் தெருவில் ஓட்டிவரும் புது வண்டி. பக்கத்துத் தறிக்காரனின் அதிர்ஷ்டத்தைக் கண்ணால் பார்த்தவன் தன் மனைவியின் நகையை அடகு வைக்கத் துணிகிறான். லாட்டரி ஆளைக் கெடுக்கிறது என்று 2003 ஜனவரியில் ஜெயலலிதா அரசு தமிழ்நாட்டில் தடை போட்டது. 1968-ல் அண்ணா ஆட்சியில் அரசே அதைத் தொடங்கியபோது 'விழுந்தால் வீட்டுக்கு, விழாவிட்டால் நாட்டுக்கு' என்றார்கள். விழுந்தது அந்த ஒரு வீட்டோடு நிற்பதில்லை என்பதைத் தொடங்கியவர்களும் யோசிக்கவில்லை, தடுத்தவர்களும் யோசித்ததாகத் தெரியவில்லை.

இவ்வளவு சொன்னதால் பரிசு என்பதே கேடு என்ற முடிவுக்கு நான் வரவில்லை. சிறிய அளவில் அது செய்யக்கூடிய நன்மை ஒன்று ஆரணியில் பெரிதாகவே தெரியும். ஒரு நெசவாளி தன் முன்பணத்தை முழுதாகத் திருப்பிக் கட்டிவிட்டார் என்றால், அன்றிலிருந்து கூலியைப் பேசும்போது அவர் குரல் வேறு. பிடிக்கவில்லையென்றால் வேறு முதலாளி, இல்லையென்றால் சங்கம். அதற்குக் கோடிகள் வேண்டாம், சில லட்சங்கள் போதும். கையில் பணம் வந்தால் தறியை விட்டு ஓடிவிடுவார்கள், கைத்தொழில் அழியும் என்ற முணுமுணுப்பும் உண்டு. மாசசூசெட்ஸில் லாட்டரி வென்றவர்களை இம்பென்ஸ், ரூபின், சேசர்டோட் ஆராய்ந்தபோது, பெரும்பாலோர் உழைப்பைக் கொஞ்சம் குறைத்துக்கொண்டார்களே ஒழிய விட்டுவிடவில்லை. தவிர, குழித்தறியில் கால் தொங்கவிட்டு நாளெல்லாம் குனிந்திருப்பவர் வேலையை விடுவதில் வெளியாருக்கு என்ன வருத்தம்? அவர் பிள்ளைகள் எந்தப் பரிசும் விழாமலேதான் ஸ்ரீபெரும்புதூர் கம்பெனிகளுக்குப் போய்க்கொண்டிருக்கிறார்கள்.

எல்லாக் குழப்பத்துக்கும் மூலம் ஊருக்குத் தெரிவதுதான் என்றால், பெயரை மறைத்துவிடலாமே என்று கேட்கலாம். 2024 ஜனவரியில் கேரளத்தின் கிறிஸ்துமஸ் – புத்தாண்டு பம்பரில் 20 கோடி வென்ற புதுச்சேரிக்காரர் தம் விவரத்தை வெளியிட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். புத்திசாலித்தனம் என்றே சொல்வேன். சுவருக்குச் சுவர் ஒட்டிய நெசவுத் தெருவில் ரகசியம் எத்தனை நாள் தாங்கும் என்பது வேறு விஷயம். தறிச் சத்தம் இரண்டு நாள் நின்றாலே எதிர்வீட்டில் விசாரிப்பார்கள். ஆனாலும் பத்திரிகையில் முகம் வருவதற்கும் தெருவுக்குத் தெரிவதற்கும் தூரம் அதிகம். திருவனந்தபுரத்து அனுபவத்துக்குப் பிறகு கேரள லாட்டரித் துறை வென்றவர்களுக்கு நிதி மேலாண்மைப் பயிற்சி வகுப்பு ஏற்பாடு செய்தது. வரி, முதலீடு, வைப்புத்தொகை எல்லாம் சொல்லிக்கொடுக்கிறார்கள், நல்லது. ஆனால் வென்றவரின் படத்தைப் போடாமல் அடுத்த வருடத்து டிக்கெட் விற்காது என்பது டிக்கெட் கடைக்காரர்களுக்குத் தெரியும். 2023 ஓணம் பம்பரில் வாளையாரில் வாங்கிய டிக்கெட்டுக்குத் தமிழ்நாட்டைச் சேர்ந்த நான்கு பேருக்கு 25 கோடி விழுந்த செய்தி தடை உள்ள இந்த மாநிலத்தில் எத்தனை பேரை எல்லை தாண்டிப் போகவைத்திருக்கும் என்று ஊகிக்கப் பெரிய கற்பனை தேவையில்லை. வென்றவரின் முகம்தான் அந்த வியாபாரத்தின் முதல். அதை விற்பவர்களே அவருக்கு நிம்மதியாக வாழ்வது எப்படி என்று வகுப்பும் எடுக்கிறார்கள்.