பக்கத்து நாற்காலிக்கும் நிதி வேண்டும்

ஹெச்.ஐ.வி. சிகிச்சை கற்க வரும் பி.ஜி.க்களை முதல் வாரம் நான் மருந்து எழுத விடுவதில்லை. ஓ.பி.யில் என் பக்கத்து நாற்காலியில் உட்காரவைத்து, வருகிறவரின் வாயை டார்ச் அடித்துப் பார்க்கச் சொல்வேன். அண்ணத்தில் தயிர் ஒட்டினாற்போல் வெள்ளை படிந்திருந்தால், எதிர்ப்பாற்றல் இறங்கிவிட்டதென்று சி.டி.4 ரிப்போர்ட் வருமுன்பே சந்தேகப்படலாம். பிறகு இருமல், காய்ச்சல், எடைக்குறைவு, இரவு வியர்வை என நான்கையும் ஒவ்வொரு முறையும் கேட்க வேண்டும். டி.பி. ஒளிந்திருப்பது தெரியாமல் ஏ.ஆர்.டி. எனும் ஹெச்.ஐ.வி. கூட்டுமருந்தைத் தொடங்கினால், தேறிவரும் எதிர்ப்பாற்றலே நெறிக்கட்டியை வீங்கவைத்து, காய்ச்சலில் ஆளைக் கிடத்திவிடக்கூடும்.

இதெல்லாம் என் சீஃபிடமிருந்து வந்த கைப்பழக்கம். 2004 ஏப்ரலில் அரசு இலவச ஏ.ஆர்.டி. தொடங்கிய காலத்தில் ஸ்டாவுடின், லாமிவுடின், நெவிரப்பின் என்று கொடுத்தோம். நெவிரப்பினை முதல் இரண்டு வாரம் ஒரு வேளைதான் கொடுக்க வேண்டும். தோலில் தடிப்பு இல்லையென்றால் இரண்டு வேளையாக்கலாம். அந்த இரண்டாவது வாரக் கடைசியில் சீஃப் நோயாளியின் சட்டையைக் கழற்றச் சொல்லி முதுகு, உள்ளங்கை, உதட்டோரம் எல்லாவற்றையும் தானே பார்ப்பார். தயங்கி நின்ற மாணவனிடம், “தொட்டுப் பாருப்பா. நீ தொடுறியான்னுதான் அவர் பார்த்துக்கிட்டிருக்கார்” என்பார்.

இன்று டெனோஃபோவிர், லாமிவுடின், டோலுடெக்ராவிர் மூன்றும் ஒரே மாத்திரையில் வருகின்றன. வேலை சுலபமாகிவிட்டது என்று இளைஞர்கள் நினைக்கிறார்கள். ஆனால், ஒரு தாய்க்கு வைரல் லோடு ஆயிரத்துக்கு மேலேயே நின்றது. ஒரு வேளைகூடத் தவறவில்லை என்றார்; மாத்திரை எண்ணிக்கையும் சரியாகவே இருந்தது. என்னுடன் இருந்த பி.ஜி., மருந்தை மாற்றப் பரிந்துரை எழுதத் தயாரானார். “பையில இருக்கிறதை எல்லாம் மேசையில் வைங்கம்மா” என்றேன். ஆரம்ப சுகாதார நிலையத்தில் கொடுத்த இரும்புச்சத்து, கால்சியம் மாத்திரைகள் வெளியே வந்தன. வெறும் வயிற்றில் எல்லாவற்றையும் ஒன்றாக விழுங்கிக்கொண்டிருந்தார். அவை டோலுடெக்ராவிரைப் பிடித்துக்கொண்டு உடம்பில் முழுதாகச் சேரவிடாது. ஏ.ஆர்.டி. மாத்திரைக்கும் சத்து மாத்திரைக்கும் நேரத்தைப் பிரித்துக்கொடுத்து, மறுபடி பரிசோதித்தபோது வைரல் லோடு இறங்கியிருந்தது. அந்த பி.ஜி. இப்போது பையைப் பார்க்காமல் யாரையும் அனுப்புவதில்லை.

டி.பி.க்கு ரிஃபாம்பிசின் சாப்பிடுபவருக்கு டோலுடெக்ராவிர் இரு வேளை வேண்டும் என்பது புத்தகத்திலேயே இருக்கிறது. நோயாளி அந்த இரண்டாவது வேளையை ஏன் விடுகிறார் என்பது புத்தகத்தில் இல்லை. மாமியார் சமையற்கட்டில் இருக்கும் நேரம் அது என்று ஏ.ஆர்.டி. மையத்தின் கவுன்சிலரக்காவிடம்தான் சொல்லியிருப்பார். பி.ஜி.க்கள் அந்த அக்காவிடமும் உட்கார்ந்து பாடம் கேட்க வேண்டும்.

பணத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். 1992இல் உலக வங்கிக் கடனோடு தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டுத் திட்டம் தொடங்கியது. மருந்துக்கு உலகளாவிய நிதியம் கைகொடுத்தது. 1928இல் காசநோய்க்கென்று தொடங்கிய தாம்பரம் சானடோரியத்தில், வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் ஐ-டெக் பயிற்சி அமைப்பின் உதவியோடு மருத்துவர்கள் ஹெச்.ஐ.வி. சிகிச்சையில் பயிற்சி பெற்றார்கள். அமெரிக்காவில் ஹெச்.ஐ.வி. சிகிச்சைக்கான ரயன் வைட் திட்டத்துக்குள் பயிற்சி மையங்களுக்கென்றே தனி ஒதுக்கீடு உண்டு. நான் பார்த்தவரை, பயிற்சி நிதி என்றால் மண்டபம், பயணப்படி, சாப்பாடு, சான்றிதழ் என்று சுலபமாகச் செலவாகிவிடுகிறது. மூத்த மருத்துவர் ஒருவர் ஓ.பி. கூட்டத்துக்கு நடுவே ஒரு மாணவருக்காக ஒதுக்கும் அரைமணி நேரத்துக்குக் கணக்குத் தலைப்பே கிடையாது.

எம்.டி. மூன்று வருடம். அதில் சில வார போஸ்டிங்கில் பி.ஜி. பார்ப்பது பல நோயாளிகளின் ஒரே ஒரு நாளைத்தான். ஒரே நோயாளியின் மூன்று வருடத்தைப் பார்த்தால்தான் இந்த வேலை பிடிபடும். வாரம் ஒரு நாள், மூன்று வருடமும், அதே நோயாளிகள், அருகில் ஒரு மூத்தவர். நிதி கொடுப்பவர்களிடம் நான் கேட்பது இதற்குத்தான். பி.ஜி.க்களே, அதுவரை காத்திருக்க வேண்டாம். உங்கள் கல்லூரியில் ஏ.ஆர்.டி. மையம் இருந்தால், யூனிட் தலைவரிடம் அனுமதி வாங்கிக்கொண்டு வாரத்தில் ஒரு காலைப்பொழுது அங்கே போய் உட்காருங்கள்.