எழுதி வைத்தால் மட்டும் போதுமா?

ஐப்பசி மாதத்தில் ஒரு நாள் ராத்திரி. சாப்பாட்டுத் தட்டை அப்படியே தள்ளி வைத்துவிட்டு, "அம்மா, நான் இனிமே காலேஜுக்குப் போகலே" என்றாள் என் மகள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

சுந்தரபாண்டியத்தில் கைத்தறி நெய்கிற குடும்பம் எங்களுடையது. என் கணவர் தறியில் உட்கார்ந்தால், நான் ராட்டையில் தார் சுற்றுவேன். எங்கள் வீட்டில் முதன்முதலாகக் கல்லூரிக்குப் போகிறவள் இவள்தான். தினமும் காலையில் பஸ் ஏறிப் போய்க் கம்ப்யூட்டர் படிக்கிறாள். ஒரு மாதமாகவே அவளுக்குச் சரியான தூக்கமில்லை. ஓயாத தலைவலி வேறு. நானும் சுக்கு அரைத்துப் பற்றுப் போட்டுக்கொண்டிருந்தேன். வலி வேறு இடத்தில் இருந்திருக்கிறது. ஜாவா என்ற பாடத்தின் செய்முறைத் தேர்வில் பூஜ்யமாம்.

"பிடிக்கலைன்னா நிறுத்திரட்டும். ராஜபாளையத்திலேருந்து கேட்டு வந்த இடத்துக்குச் சரின்னு சொல்லிருவோம்" என்றார் அவர். கோபத்தில் சொல்லவில்லை; பெண் வாடுவதைப் பார்க்கச் சகிக்காமல்தான் சொன்னார். ஆனால் என் மனம் கேட்கவில்லை. பத்தாவதோடு என்னை நிறுத்தியபோதும் எல்லோரும் அன்பாகத்தான் பேசினார்கள்.

மறுநாள் ராட்டையைத் தூக்கிக்கொண்டு போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"நீ என்னதான் எழுதினே, எனக்குச் சொல்லு."

"உனக்குப் புரியாதும்மா."

"புரியாட்டிப் போகுது. சொல்லித்தான் பாரேன்."

வேண்டா வெறுப்பாக லேப்டாப்பைத் திறந்தாள். மூன்று பாடத்தின் மார்க்கைக் கூட்டி, சராசரி கண்டு, திரையில் காட்ட வேண்டும். ஒவ்வொரு வேலைக்கும் ஒரு 'மெத்தட்' எழுதியிருந்தாள்.

"மெத்தட்னா என்ன?"

"ஒரு வேலையை எப்படிச் செய்யணும்னு எழுதி, அதுக்கு ஒரு பேரும் வச்சிடறதும்மா. மூணு மார்க்கைக் கொடுத்தா, கூட்டித் திருப்பித் தரும்."

"மாவு மில் மாதிரியா? அரிசி கொடுத்தா அரிசி மாவு, கம்பு கொடுத்தா கம்பு மாவு."

அவள் முகத்தில் லேசாகச் சிரிப்பு வந்தது. "அதேதாம்மா. நாம கொடுக்கறது ஆர்க்யுமெண்ட். திரும்பி வர்றது ரிட்டர்ன் வேல்யூ."

"வாசல் தெளிச்சிட்டு வான்னு அனுப்பினா?"

"கையிலே எதுவும் கொண்டு வர வேண்டாமே. அந்த மாதிரி மெத்தடுக்கு வாய்ட்னு போடணும்."

"எல்லாம் சரியாத்தானே இருக்கு, அப்புறம் எப்படிப் பூஜ்யம்?"

"தப்புன்னு அது ஒண்ணுமே காட்டலேம்மா. ஓட்டினா வெறும் திரைதான் வருது."

அவள் எழுதியது நீளமாக இருந்தது. "இத்தனையிலே கம்ப்யூட்டர் எங்கேருந்து ஆரம்பிக்கும்? மேலேருந்தா?" என்று கேட்டேன்.

"இல்லேம்மா. மெயின்னு ஒரு மெத்தட் இருக்கும். அது நடுவிலே இருந்தாலும் கடைசியிலே இருந்தாலும் அங்கேதான் முதல்லே நுழையும்."

"அந்த மெயின்லே நீ என்ன எழுதியிருக்கே?"

பதில் இல்லை. மெயினில் இரண்டு அடைப்புக் குறிகள் மட்டும் இருந்தன, நடுவில் ஒன்றுமில்லை.

"மெயினை முடிச்சிட்டு, அதுவே கீழே இறங்கி மத்ததையும் வரிசையாச் செய்யும்னு நினைச்சேம்மா..." என்று இழுத்தாள்.

"என் சமையல் நோட்டிலே அதிரசத்திலேருந்து அல்வா வரைக்கும் எழுதி வச்சிருக்கேன். நோட்டு அலமாரியிலே இருந்தா, அடுப்பிலே அதிரசம் வெந்துடுமா? இன்னிக்கு இதைச் செய்னு யாராவது சொல்ல வேண்டாமா?"

சட்டென்று நிமிர்ந்தாள். மெயினுக்குள் ஒவ்வொரு மெத்தடையும் பேர் சொல்லிக் கூப்பிட்டு எழுதினாள். அவசரத்தில் மெயினையே புதிதாக அடித்ததில் அதன் முதல் எழுத்து பெரிய எழுத்தாகிவிட, 'மெயின் இல்லை' என்று தகராறு செய்தது. ஜாவாவுக்குப் பெரிய எழுத்தும் சின்ன எழுத்தும் வேறு வேறாம். அதையும் திருத்தி ஓட்டினாள். கூட்டுத்தொகையும் சராசரியும் பளிச்சென்று வந்து நின்றன. "அம்மா!" என்று அவள் போட்ட கூச்சலில் பக்கத்து அறையில் தறிச் சத்தம் நின்றது.

சாயங்காலம், மந்திரம் போல் மனப்பாடம் செய்திருந்த 'பப்ளிக் ஸ்டாட்டிக் வாய்ட் மெயின்' என்ற வரியை அவளே பிரித்துச் சொன்னாள். பப்ளிக் என்றால் வெளியாள் வந்து கூப்பிடலாம். நிரலை ஓட்டி வைக்கும் ஜாவா வெளியிலிருந்துதானே வருகிறது! ஸ்டாட்டிக் எனக்குப் புரியவில்லை. கொழுக்கட்டை அச்சைக் காட்டினாள். அச்சுதான் கிளாஸ், அதில் பிடித்த கொழுக்கட்டைதான் ஆப்ஜெக்ட். அச்சில் பொறித்த பேரைப் படிக்கக் கொழுக்கட்டை பிடிக்க வேண்டியதில்லையே, அது போல ஆப்ஜெக்ட் உண்டாக்கும் முன்பே கூப்பிடக் கூடியது ஸ்டாட்டிக்.

மெயின் என்ற இந்த வாசல் ஜாவாவுக்கு மட்டும் சொந்தமில்லை. 1972 வாக்கில் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் டென்னிஸ் ரிட்சி உருவாக்கிய சி மொழியிலும் உண்டு. நம் பிளஸ் ஒன் பிள்ளைகள் படிக்கும் சி பிளஸ் பிளஸ்ஸிலும் உண்டு. ஜாவா வந்தது 1995-ல். 2025 செப்டம்பரில் வந்த அதன் 25-ம் பதிப்பில் அந்த நீள வரி கட்டாயமில்லை. 'வாய்ட் மெயின்' என்று சுருக்கமாக எழுதினால் போதும். பிளஸ் டூவில் வரும் பைத்தான் மேலிருந்தே ஓடத் தொடங்கும். ஆனால் அதிலும், எழுதி வைத்த வேலை நாம் கூப்பிடும் வரையில் நடக்காது.

அடுத்த தேர்வில் என் பெண் தேறிவிட்டாள். தலைவலியும் போன இடம் தெரியவில்லை. ராஜபாளையத்துக்காரர்களிடம், "படிப்பு முடியட்டும், பார்ப்போம்" என்று அவரே சொல்லி அனுப்பினார்.

சகோதரிகளே, பிள்ளைகளின் பாடம் நமக்குத் தெரியாது என்று ஒதுங்கிவிடாதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து, "எங்கே ஆரம்பிக்குது? அடுத்தது எதைக் கூப்பிடுது?" என்று கேளுங்கள். நமக்குச் சொல்லிப் புரிய வைக்கும்போது, விட்ட இடம் அவர்கள் கண்ணிலேயே பட்டுவிடும்.

சேலைக் கூலிக்குக் கணக்குப் போட ஒரு சின்ன மெத்தட் எழுத நானும் இப்போது அவளிடம் பழகி வருகிறேன். பிழை ஏராளம். மெயினில் அதைக் கூப்பிட மட்டும் நான் மறப்பதில்லை.