சாம்பலுக்கு அடியில் ஈரம்

லான்சரோட்டே தீவில் யாய்சாவுக்குப் போகும் சாலை லா ஹேரியாவைத் தொட்டதும், வருகிறவர்கள் வண்டியை ஓரங்கட்டி இறங்கிவிடுகிறார்கள். கண்ணுக்கெட்டிய தூரம் கரிய சரிவு. அதில் ஆயிரக்கணக்கான குழிகள். விளிம்பில் அரைவட்டமாக அடுக்கிய கல்சுவர், அடியில் ஒற்றைத் திராட்சைக் கொடி. பந்தலும் இல்லை, கம்பியும் இல்லை. கொடி தரையோடு படர்ந்து கிடக்கிறது. தோட்டம் என்று யாராவது சொன்னால்தான் தெரியும்.

தீவு ஸ்பெயினுடையது என்றாலும் பக்கத்துக் கரை ஆப்பிரிக்கா, சுமார் 125 கிலோமீட்டர். ஆறு கிடையாது. ஆண்டு மழை ஏறத்தாழ 150 மில்லிமீட்டர்தான்.

1730 செப்டம்பர் 1 இரவு இங்கே பூமி பிளந்து எரிமலை வெடித்தது. எல்லாம் அடங்க 1736 ஆயிற்று. தானியம் விளைந்த வயல்களும் ஊர்களும் புதைந்துபோயின. யாய்சாவின் பாதிரியார் எழுதிவைத்த குறிப்புகளால்தான் தொடக்க மாதங்களின் கதை இவ்வளவு விரிவாகத் தெரிகிறது.

சாம்பலைத் தோண்டிய விவசாயிகளுக்குக் கீழே பழைய மண் கிடைத்தது, ஈரத்தோடு! அந்தக் கருந்துகளை இங்கே 'பிகோன்' என்கிறார்கள். பொத்தல் விழுந்த எரிமலைச் சரளை. பெய்கிற கொஞ்ச மழையையும் உடனே கீழே இறக்கிவிடும். இறங்கிய ஈரத்தை வெயில் உறிஞ்சவிடாது. மூடாக்கு செய்யும் அதே வேலை. போட்டது மட்டும் எரிமலை. ஆனால் சரளையில் வேருக்குச் சாப்பாடு இல்லை, பழைய மண்ணை எட்டியாக வேண்டும். அதற்குத்தான் குழி, சாம்பல் கனத்த இடங்களில் மூன்று மீட்டர் ஆழம்கூட உண்டு. சுவர், ஓயாத வடகிழக்குக் காற்றுக்கு.

இந்தக் குழிமுறைக்கு ஒரு விலையும் உண்டு. ஒரு ஹெக்டேரில் சில நூறு கொடிகள்தான். இயந்திரம் நுழையாது, பழத்தைக் கையால் பறித்துச் சுமக்க வேண்டும். ஜூலையிலேயே அறுவடை தொடங்கிவிடுகிறது.

மல்வாசியா வோல்கானிகா என்ற உள்ளூர் ரகத்தின் வெள்ளை ஒயின் நாக்கில் லேசாக உப்புக் கரிக்கும். எரிமலையின் ருசி என்று சொல்லித்தான் ஊற்றிக் கொடுப்பார்கள். அதை அப்படியே நம்ப வேண்டியதில்லை. பாறையின் சுவை நேரே கோப்பைக்கு வருவதில்லை என்கிறார் நிலவியல் அறிஞர் அலெக்ஸ் மால்ட்மன். வேருக்கு எவ்வளவு நீர், எவ்வளவு சூடு என்பதில்தான் பாறையின் கை இருக்கிறது. ஒயினில் தெரியும் விளைநிலத்தின் தன்மையைப் பிரெஞ்சுக்காரர்கள் 'டெர்வார்' என்று மயங்கிச் சொல்வதில் பாதி, இந்த நீர்க்கணக்குதான்.

காற்று வீசும்போது சரிவிலிருந்து சரளை உருண்டு குழிக்குள் விழுகிறது. தூர்ந்த குழியை மண்வெட்டியால் அள்ளி மறுபடி திறக்க வேண்டும், வருடந்தோறும்.