அந்தத் தீவுக்கு ஒரு நடை போய்வா

திருநாவலூர்

அன்புத் தம்பி செல்வத்துக்கு,

அக்கா எழுதுவது. இங்கே எல்லாரும் நலம். கொல்லையில் மல்லாட்டை பிடுங்கியாயிற்று. அப்பாவுக்கு முழங்கால் வலி விட்டபாடில்லை. ஆனாலும் ஆடி சுவாதிக்குச் சுந்தரர் குருபூஜை பார்க்க நடந்தேதான் கோயிலுக்குப் போனார். நீ வேளைக்குச் சாப்பிடுவதில்லை என்று உன் குரலிலேயே தெரிகிறது. ஓவர்டைம் என்று உடம்பைக் கெடுத்துக்கொள்ளாதேடா.

உன்மேல் எனக்கு ஒரு கோபம். சிங்கப்பூர் போய் இத்தனை வருஷமாகியும் செயின்ட் ஜான்ஸ் தீவை நீ பார்க்கவில்லை. ஊருக்குத் தெற்கே ஆறரை கிலோமீட்டர்தான். மரீனா சவுத் துறையிலிருந்து படகு இருக்கிறது. நம்மூர் கெடிலம் ஆற்றைத் தவிர வேறு தண்ணீர் பார்க்காத நம் தாத்தா, அந்தச் சீமையில் முதலில் கால் வைத்த மண் அதுதான்.

1873இல் சிங்கப்பூரில் காலரா பரவியது. மறு வருஷமே அந்தத் தீவில் நோய்த் தடுப்பு முகாம் திறந்துவிட்டார்கள். நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பலேறிய நம் ஆட்கள், சீனக் கூலிகள், மக்காவிலிருந்து திரும்பிய ஹாஜிகள் என்று எத்தனையோ பேரை அங்கே இறக்கிக் காக்க வைத்தார்கள். எதிரே ஊர் தெரியும், போக முடியாது. பிறகு அரசியல் கைதிகளை அடைத்தார்கள். பின்னாளில் சிங்கப்பூர் அதிபரான தேவன் நாயரும் 1951இல் அங்கே இருந்தவர்தான். அப்புறம் அபின் பழக்கத்தை மாற்றும் இடமானது. ஊர் யாரைக் கண்டு பயந்ததோ, அவர்களையெல்லாம் அந்தச் சின்னத் தீவுதான் தாங்கியிருக்கிறது. 1975க்குப் பிறகுதான் அது விடுமுறைக்குப் போகிற இடம். இப்போது கடல் ஆராய்ச்சிக்கூடமும் இருக்கிறது.

2020இல் கொரோனா என்று உங்களை விடுதியை விட்டு வெளியே விடாமல் வைத்திருந்தார்களே, அப்போது நீ போனில் அழுதாய். “என் அப்பாவையும் இப்படித்தான் நிறுத்தி வைத்தார்கள்” என்று மட்டும் சொல்லிவிட்டு அப்பா அன்றைக்குச் சாப்பிடாமல் படுத்துவிட்டார். தாத்தா அங்கே எப்படி இருந்தார், என்ன சாப்பிட்டார், யாரும் அவரைக் கேட்டதில்லை. அந்த வருத்தம் அப்பாவுக்கு இன்னமும் உண்டு. நோய் உன்னிடம் இல்லாதபோதும் உன்னைக் கண்டு ஒதுங்கினார்கள் என்று நீ மனசு உடைந்தாயே, அதே இடத்தைத் தாண்டித்தான் தாத்தா வாழ்ந்து காட்டினார். அது உனக்குத் தெரிய வேண்டும்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை சாப்பாடும் தண்ணீரும் கட்டிக்கொண்டு போ. திரும்பும் படகு எத்தனை மணிக்கு என்று முதலிலேயே கேட்டு வைத்துக்கொள். அங்கிருந்தே அப்பாவுக்கு வீடியோ காலில் கூப்பிட்டுக் கரையைக் காட்டு. அவர் கண் நன்றாகத் தெரிகிறபோதே காட்டிவிடு, தம்பி.

அன்புடன்,
அக்கா