காலடியில் இருந்த பை

அத்தையிடம் நான் இரண்டு பொய் சொன்னேன். முதல் பொய் என் சோம்பலை மறைக்க. இரண்டாவது, முதல் பொய்யை மறைக்க. அத்தை போய்ச் சேர்ந்துவிட்டார். அவரிடமே சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. தைரியம் இல்லை என்பதுதான் காரணம். வேறு காரணம் தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை. இதைப் படிக்கும் நீங்கள் தீர்ப்புச் சொல்லலாம். அதற்கு நடந்தது முழுவதும் உங்களுக்குத் தெரிந்தாக வேண்டும்.

நான் உலக நாடுகள் எல்லாவற்றின் ஸ்டாம்பையும் சேர்ப்பவன். இந்தியா மட்டும், பறவைகள் மட்டும், ரயில் மட்டும் என்று எல்லை வைத்துக்கொண்டவர்களை மனதுக்குள் சற்றுத் தாழ்வாகவே நினைத்தவன். எல்லை இல்லாத சேகரிப்பு வீங்கிக்கொண்டே போகும். பிஸ்கட் டின்னில் தொடங்கியது செருப்பு அட்டைப்பெட்டிகளுக்குப் போனது. பிறகு பீரோவின் கீழ்த்தட்டு. பிறகு என் மனைவியின் புடவைகள் இருந்த மேல்தட்டு. வெளிநாட்டுக் கலவையைக் கிலோக் கணக்கில் வாங்குவேன். வாங்கும் வேகத்துக்குப் பிரிக்கும் வேகம் ஈடுகொடுக்காது. ஞாயிற்றுக்கிழமைகளில் கூடத்தில் செய்தித்தாளை விரித்து உட்கார்ந்தால் மின்விசிறி போடக்கூடாது. காற்றில் ஸ்டாம்ப் பறக்கும். சித்திரை வெயிலில் பிள்ளைகள் வியர்த்து வழிந்துகொண்டு திண்ணையில் படிப்பார்கள். அது ஒரு கொடுமை என்று அப்போது எனக்குத் தோன்றியதே இல்லை.

பிரிப்பதில் எனக்கு ஒரு கர்வம் இருந்தது. ஹெல்வெஷியா என்று இருந்தால் சுவிட்சர்லாந்து. மாஜர் என்றால் ஹங்கேரி. சுவோமி என்றால் பின்லாந்து. நாட்டின் பெயரே இல்லாமல் ராஜா அல்லது ராணியின் தலை மட்டும் இருந்தால் பிரிட்டன். 1840-ல் முதல் தபால்தலையை வெளியிட்ட நாடு என்பதால் இன்றுவரை அது பெயர் போடுவதில்லை. இதையெல்லாம் பார்த்த மாத்திரத்தில் சொல்வேன். செத்துப்போன நாடுகளுக்கென்று தனி ஆல்பம் வைத்திருந்தேன். திருவிதாங்கூர், பிரெஞ்சிந்தியா, ஜான்ஜிபார். அவை வரைபடத்தில் இல்லாமல் போகலாம், என் ஆல்பத்தில் இடம் உண்டு என்று வருகிறவர்களிடம் சொல்லிக்கொள்வேன்.

என்னை மடக்கிய இடம் மலாயாதான். ஸ்ட்ரெய்ட்ஸ் செட்டில்மென்ட்ஸ் என்ற பெயரில் பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூர் எல்லாம் ஒரே கட்டு. பேராக், சிலாங்கூர், பகாங், ஜொகூர், கெடா என்று சுல்தான் ஆண்ட மாநிலங்களுக்குத் தனித்தனி. 1942-ல் ஜப்பானியர் பிடித்ததும் இருந்த ஸ்டாம்புகளின் மேலேயே தங்கள் முத்திரையைக் குத்தினார்கள். அவற்றில் சிலவற்றில் 2602 என்று இருக்கும். அது 1942-க்கு ஜப்பானிய ஆண்டுக்கணக்கு. 1945-ல் பிரிட்டிஷார் திரும்பி வந்ததும் ஆறாம் ஜார்ஜ் தலை போட்ட ஸ்ட்ரெய்ட்ஸ் ஸ்டாம்பின் மேல் 'பி.எம்.ஏ. மலாயா' என்று அச்சடித்துப் புழக்கத்தில் விட்டார்கள். பிரிட்டிஷ் ராணுவ நிர்வாகம் என்று பொருள். 1946 ஏப்ரலில் அந்த நிர்வாகம் முடிந்த பிறகும் ஸ்டாம்ப் தொடர்ந்து ஓடியது. என் மலாயாப் பக்கத்தில் இந்த வரிசையில்தான் கட்டங்கள் காலியாக இருந்தன. அச்சிட்ட ஆல்பம். காலிக் கட்டம் கண்ணை உறுத்தும். எங்கள் பக்கத்தில் ஒரு கண்காட்சி வரவிருந்தது. அதற்குள் பக்கத்தை நிரப்பிவிட வேண்டும் என்ற வெறி.

அந்தச் சமயத்தில்தான் அத்தை ஒரு கட்டைக் கொண்டுவந்து தந்தார். பழைய சேலைக் கிழிசலில் கட்டியது. அவருடைய அப்பா 1930-களில் நாகப்பட்டினத்தில் கப்பலேறி மலாயாவுக்குப் போனவர். ரப்பர் பால் வெட்டும் வேலை. அத்தைக்கு அப்போது முகம் பார்க்கத் தெரியாத வயது. 1941 கடைசியில் போர் அங்கே போனதும் கடிதம் நின்றது. தோட்டத்துத் தமிழர்களைச் சயாம் ரயில்பாதை போட ஜப்பானியர் ஆயிரம் ஆயிரமாய் இழுத்துப்போனார்கள். போனவர்களில் பலர் திரும்பவில்லை. அத்தையின் அம்மா தாலியைக் கழற்றுவதா வேண்டாமா என்று தெரியாமல் அந்த வருஷங்களைக் கழித்தார். போர் முடிந்த பிறகு வந்தது ஒரு கவர். உயிரோடிருக்கிறேன் என்று. பிறகும் சில வருஷம் கடிதங்கள் வந்தன. 1950-களில் அதுவும் நின்றது. இறந்தாரா, அங்கேயே இன்னொரு குடும்பம் ஆயிற்றா, யாருக்கும் தெரியாது.

"ஸ்டாம்ப நீ எடுத்துக்கடா. கவர மட்டும் பத்திரமா குடுத்துடு. அப்பா இருந்த தோட்டத்துப் பேரு அதுலதான் இருக்கு" என்றார் அத்தை.

அவர் சொன்னது சரி. கடிதத்துக்குள் 'புதுத்தோட்டம்' என்றுதான் இருந்தது. தோட்டத்துக்குக் கம்பெனி வைத்த பெயர் ஒன்று, நம் ஆட்கள் கூப்பிட்ட பெயர் இன்னொன்று. புதுத்தோட்டம் என்று எத்தனையோ இருந்திருக்கும். கவரின் பின்பக்கத்தில்தான் கிராணி, அதாவது தோட்டத்து எழுத்தர், அனுப்புநர் முகவரியை ஆங்கிலத்தில் எழுதியிருந்தார். அத்தைக்கு ஆங்கிலம் தெரியாது. யாரும் அதைப் பெயர்த்து எழுதி வைக்கவில்லை.

எனக்கு விவரம் தெரியாமல் இல்லை. பழைய கவரிலிருந்து ஸ்டாம்பை வெட்டக்கூடாது என்பது சேகரிப்பவர்களுக்கு அரிச்சுவடி. முத்திரையில் ஊரும் தேதியும் இருக்கும். கவர் முழுசாக இருந்தால்தான் அது எங்கிருந்து எங்கே போயிற்று என்று சொல்லும். இதைப் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு நானே சொல்லிக்கொடுத்திருக்கிறேன். ஆனால் என் ஆல்பத்தின் கட்டத்துக்குள் கவர் அடங்காது. பி.எம்.ஏ. ஸ்டாம்ப் அரிதானதும் அல்ல. கிலோக் கலவையில் அள்ள அள்ள வரும். சில மாதம் பொறுத்திருந்தால் அந்தக் கட்டங்கள் தாமாக நிரம்பியிருக்கும். பொறுக்கவில்லை. முகவரியைப் பிறகு நோட்டில் எழுதிக்கொள்ளலாம், முதலில் ஸ்டாம்பை எடுத்துவிடலாம் என்று நினைத்தேன்.

அன்று மாலை வெட்டினேன். ஒவ்வொரு கவரின் வலது மூலையையும், ஸ்டாம்பைச் சுற்றி விரலளவு இடம் விட்டு, முன்தாளும் பின்தாளும் சேரக் கத்தரித்தேன். மூலைகள் வெதுவெதுப்பான தண்ணீர் இருந்த அலுமினியப் பேசினுக்குள் போயின. மிச்சக் கவர்களைக் காலடியில் இருந்த ஜவுளிக்கடைப் பைக்குள் போட்டேன்.

கொஞ்ச நேரத்தில் தண்ணீர் ஊதாவாக மாறத் தொடங்கியது.

பழைய பிரிட்டிஷ் காலனி ஸ்டாம்புகளில் சில, நீரில் கரையும் மையில் அச்சானவை. ஊதாவும் பச்சையும் குறிப்பாக. முத்திரையைக் கழுவிவிட்டு ஸ்டாம்பை மறுபடி ஒட்டி ஏமாற்றுகிறவர்களைத் தடுக்க லண்டன் அச்சகம் கண்ட வழி அது. என்னிடம் இருந்ததும் ஊதா நிற 10 சென்ட். ஸ்டாம்ப்தான் சாயம் போகிறது என்று பதறி இடுக்கியால் ஒன்றை வெளியே எடுத்தேன். ஸ்டாம்ப் பத்திரமாக இருந்தது. ஜார்ஜ் மன்னர் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. ஊதா அதன் பின்னால் இருந்து வந்தது. கவரின் பின்தாளிலிருந்து. கிராணி காப்பியிங் பென்சிலால் எழுதியிருக்கிறார். நனைந்தால் ஊதாவாகிக் கசியும் பென்சில். என் கண்ணெதிரே ஒரு ஆங்கில எழுத்தின் வளைவு அகலமாகி, மங்கி, தண்ணீரோடு போனது.

அது முகவரி என்று எனக்கு அப்போதே புரிந்துவிட்டது. இந்த இடத்தை நீங்கள் கவனமாகப் படிக்க வேண்டும். முகவரியின் ஒரு முனைதான் தண்ணீரில் இருந்தது. மிச்சம் காய்ந்தபடி பைக்குள் இருந்தது. பை என் வலது காலுக்குப் பக்கத்தில். குனிந்து எடுத்து ஒரு தாளில் எழுதியிருந்தால் கதை அங்கே முடிந்திருக்கும். நான் குனியவில்லை. ஸ்டாம்பில் ஊதாக் கறை ஏறிவிடப் போகிறதே என்று எழுந்துபோய்ப் பேசினில் தண்ணீர் மாற்றினேன். அத்தையின் அப்பா இருந்த இடத்துக்கு இருந்த ஒரே அடையாளத்தின் முனையைச் சாக்கடையில் ஊற்றிவிட்டு, ஸ்டாம்புகளைச் செய்தித்தாளில் வரிசையாகக் கவிழ்த்துக் காயவைத்தேன். வரிசை நேராக இருக்கிறதா என்று பார்த்ததும் நினைவிருக்கிறது.

பை சில நாள் அங்கேயே கிடந்தது. எழுதிவிடலாம், எழுதிவிடலாம் என்று தள்ளிப்போட்டேன். பொங்கலுக்கு வீடு ஒழித்தபோது பழைய பேப்பர்காரர் தராசில் அது ஏறியது. பையில் என்ன இருக்கிறது என்று மனைவி கேட்டாள். குப்பைதான் என்றேன். கண்காட்சிப் பரபரப்பில் அதற்கு மேல் நான் யோசிக்கவில்லை. அது மறதிதானா என்று நீங்கள் கேட்டால் ஆமாம் என்று உறுதியாகச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

கடிதங்களை அத்தையிடம் திருப்பிக் கொடுத்தேன். "கவர் எங்கடா?" என்றார். "அப்புறம் தரேன் அத்தை, இன்னும் வேல முடியல" என்றேன். அது முதல் பொய். கண்காட்சியில் என் மலாயாப் பக்கத்துக்குச் சான்றிதழ் கிடைத்தது. அத்தை வீட்டுக்கே கொண்டுபோய்க் காட்டினேன். அவர் அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, "எங்கப்பா ஸ்டாம்புக்கா?" என்று கேட்டார்.

வருஷங்கள் ஓடின. அத்தையின் பேரனுக்குக் கோலாலம்பூரில் வேலை கிடைத்தது. அத்தை ஆள்விட்டு என்னை வரச்சொன்னார். கட்டிலில் எழுந்து உட்கார்ந்திருந்தார். "புள்ள அங்கயே போயிட்டான்ல. அந்தக் கவரக் குடு, போட்டோ எடுத்து அனுப்புவோம். எங்கப்பாவப் பொதச்ச எடமாவது தெரியட்டும்" என்றார். நான் யோசிக்க நேரமே எடுத்துக்கொள்ளவில்லை. கரையான் அரித்துவிட்டது என்றேன். அத்தையின் முகம் ஒரு கணம் சுருங்கியது. பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஐயோ, ஒன்னோட ஸ்டாம்பெல்லாமும் போயிடுச்சாடா?" என்றார். எனக்காக வருத்தப்பட்டார். கொஞ்சம் போய்விட்டது அத்தை என்றேன். ஆறுதலையும் வாங்கிக்கொண்டு வந்தேன்.

அவர் காரியம் முடிந்த பிறகு பேரனுக்கு நடந்ததை எழுதினேன். மிச்சம் ஏதாவது இருந்தால் அனுப்புங்கள் மாமா என்று பதில் வந்தது. மலாயாப் பக்கத்தை எடுத்து உட்கார்ந்தபோதுதான் நான் செய்த இன்னொன்று தெரிந்தது. பிரிக்கும்போது நான் வைத்திருந்த விதி இது: முத்திரை லேசாக விழுந்த, சுத்தமான பிரதியை ஆல்பத்தில் வை. முத்திரை அழுத்தமாக விழுந்ததைத் தள்ளு. அத்தையின் ஸ்டாம்புகளில் ஊர்ப்பெயர் படிக்கக்கூடிய அளவுக்கு அழுத்தமாக விழுந்தவை எவையோ, அவற்றைத்தான் மட்டம் என்று ஒதுக்கியிருக்கிறேன். ஒதுக்கியவற்றை மாற்றுக்குக் கொடுத்தேன். பள்ளிப் பிள்ளைகளுக்கு வாரி வழங்கினேன். மிஞ்சியிருந்தவையும் கிலோக் கலவையில் வந்த பி.எம்.ஏ. ஸ்டாம்புகளோடு கலந்து கிடந்தன. எது அத்தையுடையது, எது கடையில் வாங்கியது என்று எனக்கே தெரியவில்லை. உலகத்தை நாடுவாரியாக அடுக்கியதாகப் பெருமைப்பட்டவன், என் உறவுக்காரி கொடுத்ததைத் தனியாக ஒரு உறையில் போட்டுப் பெயர் எழுதி வைக்கவில்லை.

பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்ததில் ஒரு 10 சென்ட் ஸ்டாம்பின் ஓரத்தில் முத்திரை வட்டத்தின் வால் இருந்தது. ஊர்ப்பெயரின் கடைசி இரண்டு ஆங்கில எழுத்துகள்: என், ஜி. அதன் முதுகில் மிக மெல்லிய ஊதாக் கறை. அத்தையுடையதாக இருக்கலாம். என்னால் சத்தியம் செய்ய முடியாது. ஆங்கிலத்தில் எழுதும்போது அந்த இரண்டு எழுத்தில் முடியும் ஊர்கள் அங்கே ஏராளம். கிள்ளான், காஜாங், ரவாங், தைப்பிங், கோப்பெங், குளுவாங், பினாங்கு. எல்லாவற்றையும் எழுதி ஸ்டாம்போடு பேரனுக்கு அனுப்பினேன்.

அவன் விடுமுறை நாட்களில் போய் விசாரிக்கிறான். கிள்ளான் பக்கம் பார்த்துவிட்டானாம். பல தோட்டங்களில் ரப்பரை வெட்டிச் செம்பனை நட்டுவிட்டார்கள், சில இடங்களில் வீடுகள் வந்துவிட்டன, பழைய ஆட்கள் பட்டணங்களுக்குப் போய்விட்டார்கள் என்று எழுதியிருந்தான். அடுத்து ரவாங் போவதாகச் சொன்னான். பெட்ரோல் செலவை நான் தருகிறேன் என்றதற்குப் பதில் இல்லை. கடைசியில் ஒன்று கேட்டிருந்தான். கரையான் இல்லை என்று பாட்டிக்குத் தெரியுமா மாமா? தெரியாது என்று எழுதினேன். நான் சொல்லவில்லை என்றும் எழுதினேன்.