துலம்பென் கடலில் எந்த லென்ஸ்?

பாலித் தீவின் துலம்பென் கடற்கரையில் மணலைத் தேட வேண்டாம், எல்லாம் கறுப்புக் கூழாங்கற்கள். சற்று தூரம் நீந்தினால் காலடியில் 'லிபர்ட்டி' கப்பல்! 1942-ல் ஜப்பானிய நீர்மூழ்கி தாக்கியதால் இங்கே கரையேற்றப்பட்டது. 1963-ல் அகுங் எரிமலை சீறியதில் கடலுக்குள் சரிந்தது.

சுமார் 120 மீட்டர் நீளக் கப்பலுக்கு வைடு ஆங்கிள் லென்ஸ் வேண்டும். விசிறிப் பவளத்தில் ஒட்டியிருக்கும் 2 சென்டிமீட்டர் குட்டிக் கடல்குதிரைக்கோ மேக்ரோ. கேமரா இருப்பது நீர்புகாப் பெட்டிக்குள். அடியில் போய் லென்ஸ் மாற்ற முடியாது. கரையில் மாற்றும்போதும் ரப்பர் வளையத்தில் ஒரு தலைமுடி சிக்கினால் போதும், கேமரா காலி!

விடியற்காலையில் கூட்டமாக வரும் பெருமண்டைக் கிளிமீன்களுக்காக முதல் முக்குளிப்பில் வைடு, பிறகு மேக்ரோ என்பதே நல்லது. மேக்ரோவோடு இறங்கும் அன்றுதான் அவை முகத்துக்கு நேரே வரும்!